பேக்ராஃப்டுக்கு எடை குறைந்த துடுப்பு: அளவெடுப்பதிலிருந்து தண்ணீரில் இறக்குவது வரை

பேக்ராஃப்ட் (காற்றை இறக்கிச் சுருட்டி முதுகுப்பையில் எடுத்துப்போகும் இலகுவான படகு) வாங்கியவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இருப்பதிலேயே எடை குறைந்த துடுப்பு எது?" அப்படித் தேடி வாங்கிய துடுப்பு வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பத்து செ.மீ. நீளம் அதிகம் என்பதும், பைக்குள் அடங்காது என்பதும், நடு இணைப்பு ஆடுகிறது என்பதும் தெரியவரும். அதனால் இந்த வழிகாட்டியில் எடை ஏழாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன் உள்ள ஆறு படிகளில் மிஞ்சும் துடுப்புகளில் எது இலகுவோ அதை எடுத்தால் போதும்.

பெங்களூரில் இருந்துகொண்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ படகைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீரில் இறக்கி, அன்றோ மறுநாளோ திரும்புகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். காரின் மேலே கயாக் கட்டிப் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

முதலில் இவை கையில் இருக்கட்டும்

படகு கையில் இருக்க வேண்டும். "படகு அடுத்த மாதம் வருகிறது, அதற்குள் துடுப்பை ஆர்டர் செய்துவிடுகிறேன்" என்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. படகின் அகலம், படகைச் சுற்றி ஓடும் காற்றடைத்த டியூப்பின் பருமன், இருக்கையின் உயரம் மூன்றும் சேர்ந்துதான் துடுப்பின் நீளத்தைச் சொல்லும். உங்கள் உயரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம், லைஃப் ஜாக்கெட், அளவு டேப், சமையலறைத் தராசு, இரண்டு நிறத்தில் எலெக்ட்ரிக்கல் டேப், ஒரு ஹாக்ஸா பிளேடு. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் வயரிங் பிவிசி பைப் ஒன்று. மூன்று மீட்டர் நீளத்தில் வரும், விலையும் மிகக் குறைவு. நீங்கள் வழக்கமாகத் தூக்கும் முதுகுப்பையும் பக்கத்தில் இருக்கட்டும்.

1. எந்தத் தண்ணீர் என்று தீர்மானியுங்கள்

துடுப்பின் நீளம், பிளேடு (தண்டின் இரு முனையிலும் தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி), எதனால் செய்தது என்ற பொருள் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் மாறும். அதனால் இதுதான் முதல் படி.

பெங்களூர்க்காரர்களுக்கு எட்டும் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, அணைகளின் தேங்கிய நீர். சாகராவுக்கு அருகே, லிங்கனமக்கி அணையின் தேக்கத்தில் இருக்கும் ஹொன்னேமரடு நல்ல உதாரணம். தலகுப்பா போகும் ரயிலில் ஏறிச் சாகராவில் இறங்கிவிடலாம். இரண்டாவது, மெல்ல ஓடும் ஆறு. மூன்றாவது, பாறையும் நுரையும் உள்ள வேக நீர்: தண்டேலியில் காளி ஆறு, மழைக்காலத்தில் தென் குடகின் பாராபோளே. காளியின் ஓட்டம் மேலே உள்ள சூப்பா அணையில் எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலையில் பார்த்த ஆறு மதியம் அதே ஆறாக இருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர் தேங்கிய நீருக்கும் மெல்லோட்டத்துக்கும் ஏற்ற துடுப்பை வாங்கினால் போதும். "பின்னால் வேக நீருக்குப் போனாலும் போவேன், அதற்கும் சேர்த்தே வாங்கிவிடுகிறேன்" என்று வாங்கும் துடுப்பு குட்டையாகவும் கனமாகவும் பெரிய பிளேடோடும் இருக்கும். ஹொன்னேமரடுவில் இரண்டாவது மணி நேரத்திலேயே தோள் புகார் சொல்லும். வேக நீருக்குப் பயிற்சியும் ஹெல்மெட்டும் கூட வரும் அனுபவசாலிகளும் வேண்டும். துடுப்பு அந்த வரிசையில் நான்காவதாக நிற்கிறது.

இன்னொன்று. பீமேஸ்வரி பக்கத்துக் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. நகரத்து ஏரிகளிலும் நினைத்தபடி சொந்தப் படகை இறக்கிப் பழக முடியாது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தாலும் கதை அதுதான். எங்கே இறங்க அனுமதி கிடைக்கும் என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். எந்தத் தண்ணீர் என்பதற்கான விடை பாதி அதிலேயே வந்துவிடும்.

2. நீளம்: கட்டிலும் பிவிசி பைப்பும்

துடுப்பின் நீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செ.மீ.யில் சொல்வார்கள். கடல் கயாக்குக்கும் காற்றடைத்த அகலக் கயாக்குக்கும் 220 முதல் 240 வரை பரிந்துரைப்பது வழக்கம். பேக்ராஃப்டும் 90 செ.மீ.க்குப் பக்கமாக அகலமானது என்பதால், அந்தப் பட்டியலைப் பார்த்துப் பலரும் 230ஐ வாங்கிவிடுகிறார்கள்.

அது சரிவராது. பேக்ராஃப்ட் அகலம் என்றாலும் நீளம் குறைவு, அடியும் தட்டை. துடுப்பைப் படகிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுகிறோமோ, அவ்வளவுக்குப் படகின் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். நீளத் துடுப்பு இயல்பாகவே தள்ளித்தான் விழும். ஒவ்வொரு போட்டுக்கும் படகு இடமும் வலமும் தலையாட்டும், பாதி உழைப்பு அதைத் திருப்பிக் கொண்டுவரவே போய்விடும். துடுப்பைச் செங்குத்தாக, டியூப்பை ஒட்டிப் போட்டு இழுத்தால் இந்த ஆட்டம் குறையும். அதற்குக் குட்டையான துடுப்பு வேண்டும்.

தேங்கிய நீருக்குப் பெரும்பாலோருக்கு 205 முதல் 215 வரை பொருந்தும். நல்ல உயரமானவர்கள், அல்லது படகு மிக அகலமாக இருந்தால், 220. வேக நீருக்கு ஐந்து முதல் பத்து செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். இந்த வரம்புக்குள் உங்கள் எண் எது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

ஒற்றைக் கட்டிலின் மெத்தையை எடுத்துவிட்டு, ஊதிய படகைப் பலகையின் மேல் வையுங்கள். மூன்றடிக் கட்டில் என்றால் படகின் அகலத்துக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் பைப் கீழே இறங்க இடம் கிடைக்கும்; தரையில் வைத்துப் பார்த்தால் அது முடியாது. முன்னும் பின்னும் படகு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பது பரவாயில்லை. பிளாஸ்டிக் பட்டைக் கட்டில், மடக்குக் கட்டில் வேண்டாம், நடுவில் குழிந்து அளவைக் கெடுக்கும்.

பைப்பை 220 செ.மீ.க்கு வெட்டி, இரண்டு முனையிலிருந்தும் 45 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். முனைக்கும் டேப்புக்கும் இடையே உள்ளதுதான் பிளேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஏறினால் படகு தண்ணீரில் ஓரளவு அமிழும். பையும் ஆளுமாகச் சுமார் 10 செ.மீ. எனலாம். அதனால் பலகையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில், டியூப்பின் வெளிப்பக்கம் ஒரு டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள். அதுதான் நீர்மட்டம்.

இப்போது இருக்கையை முழுதாக ஊதி, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஜாக்கெட் இல்லாமல் அளக்கிறவர்கள் அதிகம். ஜாக்கெட் போட்டால் முழங்கை வேறு இடத்தில் நிற்கும், அளவும் மாறும். பைப்பைத் தலைமேல் வைத்து இரண்டு முழங்கையும் நேர்கோணத்தில் மடங்கும்படி பிடியுங்கள். கைகள் நிற்கும் இடம்தான் பிடி, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதத்துக்கு அருகே பைப்பை இறக்கி, டேப் சுற்று நீர்மட்டக் கோட்டைத் தொடும் வரை கொண்டுவாருங்கள். கீழ்க்கை விரல்கள் டியூப்பில் இடித்தால் நீளம் போதவில்லை. மேல்க்கை கண்ணுக்கு மேலே ஏறிப்போனால் நீளம் அதிகம். 220இல் தொடங்கினால் பெரும்பாலும் மேல்க்கைதான் ஏறும். உடனே ஒரு முனையிலிருந்து மட்டும் ஐந்து செ.மீ. வெட்டிவிடாதீர்கள், நடுப்புள்ளி நகர்ந்துவிடும். இரு முனையிலும் இரண்டரை இரண்டரையாக வெட்டி, டேப் சுற்றையும் உள்ளே நகர்த்தி, மறுபடி உட்காருங்கள். இடது, வலது இரண்டு பக்கமும் விரல் இடிக்காமல், மேல்க்கை முகத்துக்கு நேராக நிற்கும்போது பைப்பை அளந்தால் அதுதான் உங்கள் நீளம்.

இரண்டு அளவுக்கு நடுவே விழுந்தால் குட்டையானதை எடுங்கள். கொஞ்சம் குட்டை என்றால் முன்னால் சாய்ந்து சமாளிக்கலாம். கொஞ்சம் நீளம் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. 205 முதல் 215 வரை நீட்டிச் சுருக்கும் துடுப்பும் உண்டு. அந்தப் பூட்டுக்குக் கொஞ்சம் எடை கூடினாலும், ஒரே படகை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் வீட்டுக்கு அது நல்ல ஏற்பாடு.

3. நான்கு துண்டா, இரண்டு துண்டா

நான்கு. இதில் யோசிக்க அதிகம் இல்லை. 210 செ.மீ. துடுப்பு இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல். பைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்று, பஸ் படியிலும் ஆட்டோவின் கூரையிலும் மரக்கிளையிலும் இடிக்கும். நான்காகப் பிரிந்தால் மிக நீண்ட துண்டும் பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ.க்குள் முடிந்துவிடும்.

வாங்கும் முன் அந்த நீண்ட துண்டின் அளவைக் கேட்டு வாங்கி, பைப்பில் அதே அளவு வெட்டி உங்கள் பையில் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் "பையில் அடங்கும்" என்று இருப்பது யாருடைய பையைச் சொல்கிறது என்று தெரியாது.

நடைக்கம்பில் பிளேடை மாட்டித் துடுப்பாக்கும் ஏற்பாடும் விற்கிறது. எடை மிச்சம்தான், ஆனால் கம்பு வளையும், பிடி மெலிது. காற்றில்லாத காலையில் அக்கரைக்குப் போய்வர மட்டும் அது சரி.

4. இணைப்புகளைச் சோதியுங்கள்

நான்கு துண்டு என்றால் மூன்று இணைப்பு. புதியவர்கள் பிளேடையும் கார்பனையும் பார்க்கிறார்கள், இணைப்பைப் பார்ப்பதில்லை. ஆனால் துடுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்று, ஸ்பிரிங் பட்டன்: உள்ளே இருக்கும் சின்ன உலோகக் குமிழ் ஓட்டைக்குள் வந்து "டக்"கென்று நிற்கும். எளிது, எடை குறைவு, பழுதானாலும் கையால் சரிசெய்யலாம். ஆனால் ஒரு பிளேடை மற்றதிலிருந்து திருப்பி வைக்க (9ஆம் படியில் வருகிறது) ஓட்டைகள் எத்தனையோ அத்தனை கோணம்தான் கிடைக்கும். மற்றொன்று, நெம்பிப் பூட்டும் வகை: சின்ன நெம்பியை மடக்கினால் இறுகும், கோணத்தையும் சில துடுப்புகளில் நீளத்தையும் விருப்பப்படி வைக்கலாம். எடை கூடும், மணல் புகுந்தால் மெனக்கெட வேண்டும். நடு இணைப்பு நெம்பியாகவும் பிளேடு இணைப்பு பட்டனாகவும் இருப்பது நல்ல சேர்க்கை.

சோதனை இப்படி. நான்கையும் மாட்டி, தண்டின் நடு இணைப்புக்கு இருபுறமும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். "டிக் டிக்" என்று விரலில் ஆட்டம் தெரிந்தால் அது புதிதாக இருக்கும்போதே தளர்வு. நாளடைவில் கூடுமே தவிரக் குறையாது. பிறகு ஒரு பிளேடின் ஓரத்தைப் பாதத்தின் மேல் மெதுவாக ஊன்றி, தண்டின் மறுமுனையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பொருள் தரும் வளைவு ஒரே சீராக இருக்கும். இணைப்பு தரும் ஆட்டம் ஓரிடத்தில் முறியும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒருமுறை பிடித்தால் மறக்காது.

ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? நிதானமாக ஓட்டினாலே நிமிடத்துக்கு 40 போடு. ஒரு மணிக்கு 2,400. ஒவ்வொரு போட்டிலும் அந்த டிக் ஒலி மணிக்கட்டுக்குத்தான் வந்து சேரும்.

5. பிளேடின் அளவும் வடிவமும்

பெரிய பிளேடு ஒரு போட்டில் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும். தோளும் அதிகம் கொடுக்க வேண்டும். தேங்கிய நீரில் நாள் முழுக்க ஓட்டுவதற்கு நடுத்தர அளவு போதும். வேக நீரில் சட்டென்று ஒரு உந்து வேண்டும் என்பதால் அங்கே பெரிது பயன்படும். பரப்பளவை 600, 650, 700 என்று சதுர செ.மீ.யில் குறிப்பிடுவார்கள். ஒல்லியான உடல்வாகு, புதிய பழக்கம் என்றால் 650க்குக் கீழேயே இருங்கள்.

பேக்ராஃப்டை நீங்கள் எவ்வளவு உந்தினாலும் ஓரளவுக்கு மேல் வேகம் போகாது, நீளம் குறைந்த படகின் இயல்பு அது. "பெரிய பிளேடு, பெரிய வேகம்" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

பிளேடின் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு ஓடினால், தண்ணீர் இருபக்கமும் சமமாக வழியும். அது இல்லாத பிளேடு இழுக்கும்போது கையில் படபடக்கும். கடையில் தெரியாது, தண்ணீரில்தான் தெரியும். அதனால் மேடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

6. பொருள்: தண்டு வேறு, பிளேடு வேறு

இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். "கார்பன் துடுப்பு" என்று எழுதியிருந்தாலும் தண்டு மட்டும் கார்பனாக இருப்பது சகஜம்.

தண்டுக்கு அலுமினியம் மலிவு, உறுதி, ஆனால் கனம். ஏப்ரல் வெயிலில் பத்து நிமிடம் கரையில் கிடந்தால் தொட முடியாது. கண்ணாடி இழை நடுத்தரம். கார்பன் இழை இலகு, விறைப்பு, வெயிலிலும் கையைச் சுடுவது குறைவு.

பிளேடுக்கு வலுவூட்டிய நைலான் கொஞ்சம் வளையும், பாறையில் உரசினால் கீறல் விழும், உடைவது அரிது. கண்ணாடி இழை பிளேடு விறைப்பு, ஓரம் மெல்லத் தேயும். முழுக் கார்பன் பிளேடு மிக இலகு. ஆனால் அதன் மெல்லிய ஓரம் பாறையில் நேராக இடித்தால் சில்லு பெயரும்.

நம் பக்கத்து ஆறுகளில் கருங்கல் அதிகம். கோடையில் நீர் இறங்கும்போது முழங்கால் ஆழத்தில் பாறை மறைந்திருக்கும், கரை சேரும்போது துடுப்பை ஊன்றி எழுந்திருக்கும் பழக்கமும் எல்லோருக்கும் உண்டு. அதனால் முதல் துடுப்புக்கு என் தேர்வு கார்பன் அல்லது கண்ணாடி இழைத் தண்டு, வலுவூட்டிய நைலான் பிளேடு. முழுக் கார்பன் இரண்டாவது துடுப்பாக வரட்டும். தேங்கிய நீரைத் தவிர வேறெங்கும் போகப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் நேராக அதற்குப் போகலாம்.

கை சிறியவர்கள் மெலிந்த தண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். தண்டைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எளிதாகத் தொட வேண்டும். தடித்த தண்டை இறுக்கிப் பிடித்தே முன்கை வலி வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

7. இப்போது எடை

சரி, இனி தராசை எடுக்கலாம். நான்கு துண்டுத் துடுப்புகளில் முழுக் கார்பன் ஏறக்குறைய 700 முதல் 900 கிராம் வரும். இழைத் தண்டும் நைலான் பிளேடும் 900 முதல் 1,150 வரை. அலுமினியத் தண்டுள்ளவை ஒரு கிலோவைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் போகும்.

விளம்பரத்தில் போடும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். பல நிறுவனங்கள் மிகக் குட்டையான அளவுக்கோ, இரண்டு துண்டு வடிவத்துக்கோ எடை சொல்கின்றன. ஒவ்வோர் இணைப்பும் எடை கூட்டும். "எந்த நீளம், எத்தனை துண்டு?" என்று கேட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

மொத்த எடையைவிட முக்கியமானது அது எங்கே இருக்கிறது என்பது. தராசில் பிளேடு துண்டுகளைத் தனியாக, தண்டுத் துண்டுகளைத் தனியாகப் போடுங்கள். துடுப்பு நடுவைச் சுற்றிச் சுழல்கிறது. சுழலும் பொருளில் எடையின் தாக்கம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நடுவிலிருந்து 20 செ.மீ.யில் இருக்கும் 50 கிராமும் 90 செ.மீ.யில் இருக்கும் 50 கிராமும் தராசில் ஒன்றுதான். ஆனால் சுழற்றித் தொடங்கி நிறுத்தும் உழைப்பை மட்டும் பார்த்தால், தள்ளி இருப்பது ஏறக்குறைய 20 மடங்கு கேட்கும். ஆகவே 950 கிராமில் பிளேடு இலகுவான துடுப்பு, 900 கிராமில் பிளேடு கனமான துடுப்பைவிடக் கைக்குச் சுலபமாக இருக்க வாய்ப்பு உண்டு. கடையில் நடுவில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறி ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதுகில் சுமக்கும் எடையை மட்டும் குறைக்க நினைத்தால் துடுப்புக்குப் போகும் முன் பையைத் திறங்கள். 100 கிராம் குறைக்கப் பல ஆயிரம் செலவழிக்கிறவர்களின் பையில், கரையிலேயே வைத்துவிடக்கூடிய இரண்டாவது ஜோடிச் செருப்பு இருக்கும். துடுப்பில் குறையும் கிராமின் பலன் கையில்தான் தெரியும். நாளுக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீரில் என்றால் அந்தப் பலனுக்குக் கொடுக்கும் விலை அதிகம். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் நியாயமான விலை.

8. எங்கே, எப்படி வாங்குவது

டெகத்லான் போன்ற பெரிய கடைகளில் கயாக் துடுப்புகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நீளம் பொருந்தாவிட்டாலும் தண்டின் தடிமன், பிளேடு வகை, இணைப்பு இவற்றைப் பழகிக்கொள்ள அது போதும். பேக்ராஃப்டுக்கென்றே செய்த நான்கு துண்டுத் துடுப்புகளுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆக்வா பவுண்ட், வெர்னர் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும் ஜெர்மனியின் அன்ஃபிபியோவும் அந்த வகையைச் செய்கின்றன. முழுக் கார்பன் விலை அதிகம், இழைத் தண்டும் நைலான் பிளேடும் அதைவிட மலிவு. பார்சலில் வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் வரியும் சேரும். விலையைக் கேட்டவுடன் அவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

பெங்களூர்க்காரர்கள் கையாளும் வழி வேறு: ஊருக்கு வரும் அக்காவிடமோ ஆபீஸ் நண்பரிடமோ சொல்லிவிடுவது. நான்கு துண்டு என்றால் 28 அங்குலப் பெட்டியில் குறுக்காக வைத்துவிடலாம். நீண்ட துண்டின் அளவை அவர்களுக்கு முன்பே அனுப்பி, பெட்டியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். துணிக்கு நடுவே, பிளேடுகள் முதுகோடு முதுகு ஒட்டாமல் வைக்க வேண்டும். அது கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போகட்டும்.

பழைய துடுப்பு என்றால் இணைப்பின் உள்முனையைப் பாருங்கள். அங்கே தேய்ந்து பளபளப்பாக இருந்தால், பிளேடு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். கார்பன் தண்டை நகத்தால் தட்டிக்கொண்டே போனால் ஓசை ஒரே மாதிரி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

9. மாட்டும் முறை

வாங்கியது சரியாக இருந்தாலும் மாட்டுவதில் சறுக்குகிறவர்களே அதிகம். கரையில் நின்று பார்த்தால் நான்கு பேரில் ஒருவராவது பிளேடைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு "துடுப்பு நடுங்குகிறது" என்பார்.

பிளேடின் குழிந்த முகம் உங்களைப் பார்க்க வேண்டும். குவிந்த முதுகு முன்னால். பிளேடின் ஒரு ஓரம் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தால் நீள ஓரம் மேலே. சந்தேகம் வந்தால் பெயர் எழுத்துகளைப் பாருங்கள்: பெரும்பாலான துடுப்புகளில் எழுத்து நேராகப் படிக்கும்படி நின்றால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள்.

நான்கு துண்டு என்பதால் இடதும் வலதும் மாறிப்போவது சுலபம். வீட்டிலேயே சரியாக மாட்டி, இடது பக்கத்து இரண்டு துண்டுக்கும் சிவப்பு டேப், வலதுக்குக் கறுப்பு டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். பஸ் பயணத் தூக்கத்தோடு காலை ஆறு மணிக்கு மாட்டும்போது இதன் அருமை தெரியும்.

அடுத்து, ஃபெதர் கோணம். இரண்டு பிளேடும் ஒரே தளத்தில் இருந்தால் அது பூஜ்யம். ஒன்றைத் திருப்பி வைத்தால் 15, 30, 45 என்று போகும். எதிர்க்காற்றில் மேலே தூக்கிய பிளேடு காற்றை முகத்தால் வாங்காமல் ஓரத்தால் கிழித்துப் போக வேண்டும், அதற்காகத்தான் இந்தத் திருப்பு. தேக்க நீர்களில் மதியத்துக்குப் பின் காற்று ஏறும், அப்போது 30 உதவும். ஆனால் ஒரு கை பிடியை இறுக்கி, மறு கை தண்டைச் சுழலவிட வேண்டும். இரண்டையும் இறுக்கினால் மணிக்கட்டு வலிக்கும். முதல் நாள் பூஜ்யத்திலேயே ஓட்டுங்கள்.

ஓடும் தண்ணீருக்குப் போகும் நாளில் பட்டன் இணைப்புகளின் மேல் இரண்டு சுற்று எலெக்ட்ரிக்கல் டேப் போடுங்கள். பாறையில் தேய்ந்து பட்டன் உள்ளே அமுங்கினால், ஒரு பாதி கையில் இருக்க மறுபாதி ஆற்றோடு போய்விடும்.

10. முதல் தண்ணீர்

இடுப்பளவு ஆழத்தில், கரையை ஒட்டி, முதலில் துடுப்பு மிதக்கிறதா என்று பாருங்கள். மாட்டிய துடுப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். பட்டன் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து சில துடுப்புகள் மெல்ல மூழ்கத் தொடங்கும். அப்படியென்றால் தண்டின் உள்ளே வெட்டிய ஃபோம் துண்டைச் செருகுங்கள், பட்டன் அசையும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

அப்புறம் நேராக ஓட்டிப் பாருங்கள். படகு தலையாட்டும். உடனே நீளத்தைச் சந்தேகிக்க வேண்டாம், கட்டிலில் அளந்தது அளந்ததுதான். துடுப்பைப் பாதத்துக்கு அருகே இறக்கி, டியூப்பை உரசுவதுபோல இழுத்து, இடுப்புக்கு நேராக வந்ததும் வெளியே எடுங்கள். புதியவர்கள் இடுப்புக்குப் பின்னாலும் இழுத்துக்கொண்டே போவார்கள், மூக்கு திரும்புவது அந்தக் கடைசிப் பகுதியில்தான். ஒகேனக்கலில் பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு வட்டமான பரிசலையே நேராக ஓட்டிக் காட்டுகிறார், எல்லாம் கைப்பழக்கம். படகில் ஸ்கெக் (பின்பக்கம் அடியில் மாட்டும், மீனின் செதில் போன்ற சின்னத் தகடு) மாட்டும் இடம் இருந்தால் மாட்டுங்கள், தேங்கிய நீரில் பெரிய உதவி.

துடுப்பைப் படகோடு கயிற்றால் கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. காற்றடிக்கும் தேக்க நீரில் அது நல்லது. ஓடும் ஆற்றில் கவிழ்ந்தால் அதே கயிறு காலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும், அங்கே கட்டவே கூடாது. அதற்குப் பதிலாக, குழுவாகப் போகும்போது உதிரித் துடுப்பு ஒன்று யாராவது ஒருவர் பையில் இருக்கட்டும், ஆளுக்கொன்று தேவையில்லை.

11. திரும்பி வந்ததும்

கரையிலேயே பிரித்துவிடுங்கள். மாட்டியபடியே வீடு வரை கொண்டுவந்தால் இணைப்புக்குள் புகுந்த மணல் காய்ந்து இறுகி, பிரிக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கும். பிரித்த முனைகளை ஆற்றுத் தண்ணீரில் அலசி, வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் இன்னொரு முறை கழுவுங்கள். கோகர்ணா பக்கம் கடலில் இறக்கியிருந்தால் இரண்டு முறை.

எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். மாட்டும்போது வழுக்கிக்கொண்டு போகும், சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த முறை மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிய இணைப்பு இறுக்கமாக இருந்தால் தண்ணீர் தொட்டு மாட்டுங்கள். சிக்கிக்கொண்டதைப் பிரிக்க ஒருவர் ஒரு பக்கம், இன்னொருவர் மறுபக்கம் பிடித்து, முறுக்கியபடியே இழுக்க வேண்டும். நெம்பிப் பூட்டு இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுத்தியல் எடுக்காதீர்கள்.

நான்கு துண்டையும் துடைத்து, பிரித்தபடியே நிழலில் காயவிட்டு, பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றிப் பரணில் வைக்கலாம். பட்டன் ஸ்பிரிங் ஒன்று உதிரியாக வாங்கி, அதே துணிக்குள் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.